ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாதா?

மூளைப் புரதம் ஒன்று சொல்லும் பதில்

சனிக்கிழமை காலை. பாயான் லெப்பாஸில் சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 5, 10, 20, 50 சென் என நான்கு நாணயங்களைப் பரப்பி வைத்திருந்தேன். எதிரே சித்தி மகன். வயது ஒன்பது. சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். 5 சென்னும் 10 சென்னும் அவனுக்குப் பழகிவிட்டன. 20-உம் 50-உம்தான் குழப்பம். இரண்டும் தங்க நிறம்.

"நேத்துதான் சொல்லிக்கொடுத்தேன். சரியா எடுத்துக் காட்டுனான். இன்னிக்குக் கேட்டா முழிக்கிறான்," என்றார் சித்தி.

அவனுக்கு இரண்டு வயதில் முதல் வலிப்பு வந்தது. நான்கு வயதுக்குப் பிறகுதான் வார்த்தைகள் வந்தன. மருத்துவர்கள் மருந்து கொடுத்து வலிப்பைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். ஆனால் காரணத்துக்கு இதுவரை ஒரு பெயர் கிடைக்கவில்லை. உறவினர்களிடம் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. "மந்தமான பிள்ளை" என்பார்கள், "பிடிவாதம்" என்பார்கள்; சித்தி அந்தப் பக்கம் போனதும் "மக்கு" என்பார்கள். சித்தி மட்டும் வேறொன்று கேட்பார்: "அவன் வயித்துல இருந்தப்ப நான் நைட் ஷிப்ட் போனதாலயா, பாப்பா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு உயிர் மருத்துவ அறிவியல் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் நரம்பியல் பாடம் வந்தபோது, சின்கேப் என்ற ஒரு புரதத்தின் கதையைப் படித்தேன். சித்தி மகனுக்கு இருப்பதும் அதே குறைபாடு என்று நான் சொல்ல வரவில்லை. அதை மரபணுப் பரிசோதனைதான் சொல்ல முடியும். ஆனால் 'கற்றல்' என்றால் மூளைக்குள் என்ன நடக்கிறது, ஒரு பிள்ளைக்கு அது ஏன் கடினமாகிறது, அதில் தாயின் தவறு ஏதும் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த ஒரே புரதத்தின் கதையில் பதில் இருந்தது.

சிப்பும் சினாப்ஸும்

பாயான் லெப்பாஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கு 'மெமரி' என்றால் முதலில் சிப்தான் நினைவுக்கு வரும். 1972-இல் இங்கே தடையற்ற தொழில் வட்டாரம் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ குடும்பங்களுக்கு மின்னியல் தொழிற்சாலைகளே சோறு போடுகின்றன. சித்தியும் அப்படி ஒரு தொழிற்சாலையில்தான் தலை முதல் கால் வரை வெள்ளை உடை அணிந்து வேலை செய்கிறார். சிப்பில் ஒரு தகவலைப் பதிந்தால், பதிந்த இடத்தில் அப்படியே இருக்கும். சிப்பின் உருவம் மாறாது.

மூளை அப்படி வேலை செய்வதில்லை. நம் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒரு நரம்பணு மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும் சந்திப்புதான் சினாப்ஸ். அனுப்பும் அணுவுக்கும் பெறும் அணுவுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. அனுப்பும் பக்கத்திலிருந்து குளுட்டமேட் போன்ற வேதிப்பொருள் வெளிவந்து, எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. பெறும் பக்கத்தில் பல சினாப்ஸ்கள் ஒரு சிறு முள்போல் புடைத்திருக்கும். அந்த நுண்முள்ளின் அளவு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே.

1973-ஆம் ஆண்டு, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் எழுந்துகொண்டிருந்த அதே நேரத்தில், டிம் பிளிஸ், தெர்யே லோமோ என்ற இரு ஆய்வாளர்கள் நார்வேயின் ஓஸ்லோவில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். முயலின் மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதிக்குள் செல்லும் நரம்பிழைகளைச் சில விநாடிகளுக்கு வேகமாகத் தூண்டினார்கள். அதன் பிறகு அதே இணைப்பு பல மணி நேரம் வலுவாகச் செயல்பட்டது. இணைப்பு தன்னுடைய பழைய அனுபவத்தை 'நினைவில் வைத்திருந்தது'.

பின்னர் நடந்த ஆய்வுகள் இந்த வலு எங்கிருந்து வருகிறது என்று காட்டின. நுண்முள்ளின் பரப்பில் புதிய ஏற்பிகள் வந்து சேர்கின்றன, நுண்முள்ளே பெருக்கிறது. அதாவது, கற்கும்போது சினாப்ஸின் உருவம் மாறுகிறது. உருவத்தை மாற்றும் வேலையாள்கள் புரதங்கள்.

இடம் பிடித்து வைக்கும் புரதம்

விரிவுரை மண்டபத்தில் நண்பர்களுக்காகப் பையை வைத்து இடம் பிடிப்போம் இல்லையா? சினாப்ஸிலும் அதுதான் நடக்கிறது.

நுண்முள்ளின் உட்பக்கத்தில் பிஎஸ்டி-95 என்ற புரதம் வரிசையாக நாற்காலிகள் போட்டாற்போல் அடுக்கியிருக்கிறது. செய்தியைப் பெறும் அம்பா ஏற்பிகள் நுண்முள்ளில் நிலைத்து நிற்க வேண்டுமானால், அந்த நாற்காலிகளில் இடம் வேண்டும். ஆனால் பல நாற்காலிகளில் சின்கேப் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். இந்தப் புரதத்தை 1998-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹுகனிர் குழுவும் மேரி கென்னடி குழுவும் தனித்தனியே கண்டறிந்தன. சினாப்ஸில் மிக அதிகமாகக் காணப்படும் புரதங்களில் இதுவும் ஒன்று.

இப்போது நீங்கள் ஒரு புதிய சொல்லைக் கற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செய்தி வருகிறது, அதே நேரத்தில் பெறும் அணுவும் விழிப்பாக இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்தால் மட்டுமே என்எம்டிஏ என்ற மற்றொரு வகை ஏற்பி திறக்கும். அதன் வழியே கால்சியம் உள்ளே பாயும். கால்சியம், கேம்கினேஸ்-2 என்ற நொதியை எழுப்பும். அந்த நொதி சின்கேப்பில் பாஸ்பேட்டைச் சேர்க்க, சின்கேப் நாற்காலியை விட்டு எழுந்து நுண்முள்ளிலிருந்து கலைந்து போகிறது. காலியான இடத்துக்கு அம்பா ஏற்பிகள் வந்து அமர்கின்றன. அடுத்த முறை அதே செய்தி வரும்போது சினாப்ஸ் உரக்கப் பதில் சொல்கிறது.

சின்கேப்புக்கு வேதிவினை நடத்தும் திறனும் உண்டு. நுண்முள் வளரத் தூண்டும் சில புரதங்களை அது அடக்கி வைக்கிறது. நீண்ட காலம் இதுவே அதன் முதன்மை வேலை என்று கருதப்பட்டது. 2024-இல் ஹுகனிர் குழு வெளியிட்ட ஆய்வு ஒரு வியப்பைத் தந்தது. அந்த வேதித்திறனை நீக்கிய எலிகளும் இயல்பாகக் கற்றன. ஆகவே, வெறுமனே 'இடம் பிடித்து உட்கார்ந்திருப்பது'கூட ஒரு முக்கியமான வேலைதான் என்று தெரிந்தது.

சுருக்கமாகச் சொன்னால், சின்கேப் ஒரு பிரேக். கற்க வேண்டிய தருணத்தில் விலகும். மற்ற நேரத்தில் சினாப்ஸ் தேவையில்லாமல் வலுப்பெறாதபடி பிடித்து வைக்கும்.

பாதிப் பிரேக்

நம் மரபணுக்களில் பெரும்பாலானவை இரண்டு பிரதிகளாக உள்ளன. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. சின்கேப் மரபணுவின் ஒரு பிரதி பழுதடைந்தால் புரதத்தின் அளவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். பாதி இருக்கிறதே, போதாதா என்று தோன்றலாம். மலைச்சாலையில் பாதிப் பிரேக்கோடு வண்டி ஓட்டுவது எப்படியோ அப்படித்தான் இது.

2009-இல் கனடாவின் மொண்ட்ரியாலில் ஜாக் மிஷோவின் குழு, காரணம் தெரியாத அறிவுத்திறன் குறைபாடுள்ள 94 பேரிடம் இந்த மரபணுவைப் படித்துப் பார்த்தது. மூவரிடம் புரதத்தைப் பாதியில் துண்டித்துவிடும் பிறழ்வு இருந்தது. 94-இல் 3 என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் அறிவுத்திறன் குறைபாட்டுக்குக் காரணமாகக்கூடிய மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரே மரபணு மூன்று பேரிடம் பழுதாகியிருப்பது பெரிய செய்தி. இன்று உலகின் பல நாடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் கண்டறியப்பட்டுள்ளார்கள். நடப்பதும் பேசுவதும் தாமதமாகும். பெரும்பாலோருக்கு வலிப்பு வரும். சிலருக்கு உணவை மெல்லும்போதே வலிப்பு வருவதும் உண்டு. பலரிடம் ஆட்டிசத்தின் கூறுகளும் தென்படும்.

இந்த இடத்தில் ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். அந்த மூவரின் பெற்றோரிடமும் அந்தப் பிறழ்வு இல்லை. அது பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியது. சின்கேப் குறைபாட்டில் பெரும்பாலும் இப்படித்தான். கரு உருவாகும் கட்டத்தில், கோடிக்கணக்கான எழுத்துகள் நகலெடுக்கப்படும்போது ஏற்படும் ஓர் எழுத்துப்பிழை. அதற்குத் தாய் சாப்பிட்ட உணவும் காரணமில்லை, செய்த வேலையும் காரணமில்லை. பரம்பரையில் யாரோ செய்த பாவமும் காரணமில்லை.

முந்திப் பழுத்த சினாப்ஸ்

பிரேக் குறைந்தால் சினாப்ஸ் வலுப்பெறும். அப்படியானால் அந்தப் பிள்ளை மற்றவர்களைவிட வேகமாக அல்லவா கற்க வேண்டும்? வகுப்பில் எனக்கு எழுந்த கேள்வி இதுதான். பதில் 2012-இல் 'செல்' இதழில் வந்த ஓர் ஆய்வில் இருந்தது.

அமெரிக்காவின் புளோரிடாவில் கேவின் ரம்பாவின் ஆய்வகத்தில் நடந்த அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் ஜேம்ஸ் கிளெமென்ட். பின்னர் இவர் இந்தியாவுக்குத் திரும்பி, பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் தம் சொந்த ஆய்வகத்தை அமைத்தார்.

ஒரு சின்கேப் பிரதி மட்டுமே உள்ள எலிக்குட்டிகளின் ஹிப்போகேம்பஸை அவர்கள் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பிறந்து இரண்டு வாரமே ஆன குட்டிகளிடம், நுண்முள்கள் முதிர்ந்த எலியினுடையவைபோல் பருத்திருந்தன. மற்ற குட்டிகளின் நுண்முள்கள் அந்த வயதில் இன்னும் சிறியவையாக, எந்தப் பக்கமும் மாறக்கூடியவையாக இருந்தன. சில நாள்கள் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. வளர்ந்த பிறகு அந்த எலிகளுக்கு நினைவாற்றல் குறைந்தது. எளிதில் வலிப்பும் வந்தது.

குயவர் ஈர மண்ணில்தான் பானை வனைய முடியும். மண் முன்கூட்டியே காய்ந்துவிட்டால் அது உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் உருவம் கொடுக்க முடியாது. குழந்தையின் மூளையில் சினாப்ஸ்கள் சில காலம் இளகியே இருக்க வேண்டும். எந்த இணைப்பு தேவை, எது தேவையில்லை என்பதைக் குழந்தை பார்ப்பதும் கேட்பதும் தொடுவதும் தீர்மானிக்க வேண்டும். அதற்கு முன்பே எல்லாம் உரக்கப் பேசத் தொடங்கினால், வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் கத்துவதுபோல் ஆகிவிடும். அந்த இரைச்சலின் ஒரு வடிவம்தான் வலிப்பு.

எனக்கு இது பெரிய பாடம். 'மெதுவாகக் கற்கும்' பிள்ளையின் மூளையில், ஏதோ ஒன்று மிக வேகமாக நடந்து முடிந்திருக்கக்கூடும்.

கதவு மூடிவிட்டதா?

அதே 2012 ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. வளர்ந்த எலிகளில் சின்கேப்பை மீண்டும் இயல்பான அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். சோதித்த நடத்தைகளில் முன்னேற்றம் தெரியவில்லை. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற நம் பழமொழிக்கு ஆய்வகமே முத்திரை குத்திவிட்டதுபோல் தோன்றியது.

ஆனால் அறிவியல் தன் முடிவுகளைத் தானே மீண்டும் சோதிக்கும். 2019-இல் ரம்பாவின் ஆய்வகமே மறுபடி பார்த்தது. இம்முறை வேறு அளவீடுகள். வளர்ந்த எலிகளில் புரதத்தை மீட்டபோது, வலிப்புடன் தொடர்புடைய மூளை மின்னலைகள் சீரடைந்தன. நீண்டகால நினைவைச் சோதித்த ஒரு தேர்விலும் அவை முன்னேறின. எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் கதவு முழுவதுமாக மூடியிருக்கவும் இல்லை.

பெங்களூரிலும் இந்தத் திசையில் வேலை நடக்கிறது. ஜவஹர்லால் நேரு மையத்தின் குழு '6பயோ' என்ற சிறு மூலக்கூறை இதே குறைபாடுள்ள எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. இளம் பருவத்தைத் தாண்டிய எலிகளிலும் கற்றலும் நினைவும் மேம்பட்டதாகவும், வலிப்பு குறைந்ததாகவும் தெரிவித்தது. இது எலியில் கிடைத்த முடிவு. எலியில் வெற்றி பெற்ற பல மருந்துகள் மனிதனிடம் தோற்றிருக்கின்றன. நாளை கடையில் மருந்து கிடைக்கும் என்று யாராவது பகிர்ந்தால் நம்பிவிடாதீர்கள். ஆயினும், 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்பதும் அறிவியல் சொன்ன வார்த்தை இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

தேர்வுக்குப் படிக்கும் நமக்கு

இந்தக் கதை குறைபாடுள்ள பிள்ளைகளைப் பற்றியது மட்டுமில்லை. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். எழுதப்போகும் உங்களுக்கும், வாரந்தோறும் புதிர்த் தேர்வு எழுதும் எனக்கும் இதில் பங்கு உண்டு.

முதலாவது, நீண்டகால நினைவுக்குப் புதிய புரதங்கள் தேவை. எரிக் காண்டல், அப்லிசியா என்ற கடல் நத்தையை வைத்து இதை விளக்கினார்; 2000-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நத்தையை ஒரு முறை தொந்தரவு செய்தால் நினைவு சில நிமிடங்களே நிற்கும். இடைவெளி விட்டுப் பலமுறை செய்தால் பல நாள்கள் நிற்கும். முதலாவதற்கு, ஏற்கெனவே இருக்கும் புரதங்களில் சிறு மாற்றம் போதும். இரண்டாவதற்கு, அணுவின் உட்கருவில் மரபணுக்கள் இயங்கிப் புதிய புரதங்கள் உருவாக வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். தேர்வுக்கு முதல் நாள் இரவு பத்து முறை படித்தாலும் அந்த நேரத்தைச் சுருக்க முடியாது. படிவம் ஐந்தில் நான் வேதியியலை இப்படித்தான் ஒரே இரவில் 'முடித்தேன்'. மறுவாரம் நண்பர்கள் கேட்டபோது ஒரு சமன்பாடுகூட நினைவில் இல்லை.

இரண்டாவது, தூக்கம். 2017-இல் ஹுகனிர் ஆய்வகத்தில் கிரகாம் டியரிங் செய்த ஆய்வில், எலிகள் தூங்கும்போது ஹோமர்-1ஏ என்ற புரதம் சினாப்ஸுக்குள் வந்து, அம்பா ஏற்பிகளில் ஒரு பகுதியை வெளியே எடுப்பது தெரிந்தது. பகல் முழுவதும் ஏற்றி வைத்த சத்தத்தை இரவில் குறைத்து, மறுநாள் கற்பதற்கு இடம் விடும் வேலை அது. தூங்காமல் படிப்பவர் நாற்காலி காலியாகாத மண்டபத்துக்குள் புதியவர்களை அழைத்துக்கொண்டே இருக்கிறார்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சினாப்ஸில் இருக்கும் புரதங்களில் பெரும்பாலானவை சில நாள்களிலோ வாரங்களிலோ சிதைந்து, புதியவை வந்துவிடுகின்றன. அப்படியானால் பாட்டி சொன்ன கதை இருபது ஆண்டுகளாக எப்படி மனத்தில் நிற்கிறது? டிஎன்ஏ வடிவத்தைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1984-இல் இந்தக் கேள்வியை எழுப்பினார். ஒரு மூலக்கூறு போகும்போது அருகில் இருப்பது புதிதாக வந்ததற்கு அதே அடையாளத்தை இட்டுவிடும் என்பது அவர் முன்வைத்த யோசனை. விவரங்கள் குறித்து ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் ஒன்று தெளிவு. நினைவு என்பது எழுதி வைத்துவிட்டுப் போகும் பொருளில்லை. ஒவ்வொரு நாளும் ஆள் மாறி ஆள் வந்து தாங்கிப் பிடிக்கும் வேலை. தொழிற்சாலையில் ஷிப்ட் மாறினாலும் இயந்திரம் நிற்காதது மாதிரி.

ஆகவே நேற்று தெரிந்தது இன்று தெரியாமல் போவது சோம்பலுக்கோ திமிருக்கோ அடையாளமில்லை. அந்த ஒன்றைத் தக்க வைக்க உள்ளே எத்தனையோ புரதங்கள் சரியான நேரத்தில், சரியான அளவில் வந்து சேர வேண்டும். நமக்கு அது எளிதாக நடக்கிறது என்பதற்காகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. இன்னொருவருக்கு அது கடினமாக இருக்கிறது என்பதற்காக அவரை மட்டம் தட்டவும் நமக்கு உரிமையில்லை. உங்கள் பள்ளியிலும் சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கலாம். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் அந்தப் பிள்ளைகள் எந்த மேசையில் உட்காருகிறார்கள் என்று ஒரு முறை கவனியுங்கள். அடுத்த முறை நீங்களும் அங்கே போய் உட்காருங்கள்.

மேசையில் நான்கு நாணயங்கள்

போன மாதம் ஒரு நாள், சித்தியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். நாற்காலி, பிரேக், எழுத்துப்பிழை என்று என்னால் முடிந்த தமிழில் சொன்னேன். தம்பிக்கு இதே பிரச்சினையா என்று தெரியாது, அதைக் கண்டறிய மரபியல் மருத்துவரிடம் கேட்கலாம் என்றேன். சித்தி நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் ஷிப்ட் போனதாலன்னு யாரும் நிச்சயமா சொல்ல முடியாதுதானே?" என்று கேட்டார். முடியாது என்றேன். மருத்துவமனை அட்டையை எடுத்து, அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டியதை அதன் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார்.

நாங்கள் இப்போது நாணயப் பாடத்தை மாற்றிவிட்டோம். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதற்குப் பதில், தினமும் ஐந்தே நிமிடம். நிறத்தை விட்டுவிட்டு விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்கிறோம். 50 சென் நாணயம் சற்றுப் பெரியது. அதன் விளிம்பில் சிறு சிறு பள்ளங்கள் இருக்கும். சித்தி ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு முறை, தூங்கப் போகும் முன் ஒரு முறை. சனிக்கிழமைகளில் நான்.

சென்ற சனிக்கிழமை அவன் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் விளிம்பைத் தடவி, ஒரு நாணயத்தை என் பக்கம் தள்ளினான். "அம்பது," என்றான். சரிதான். மறுநாள் காலை சித்தி அழைத்தார். மறந்துவிட்டானாம். பரவாயில்லை, திங்கள்கிழமை மறுபடி பார்ப்போம் என்றேன்.